வண்ணத்துப்பூச்சியின் இறக்கை எவ்வளவு நீளம்?

அபர்டீன் பஜார் கடைகளில் கைமாறும் பழைய 20 ரூபாய் நோட்டின் பின்புறத்தில் மரங்கள், கடல், எதிர்க்கரைக் கலங்கரை விளக்கம். அந்த பஜார் இருக்கும், 2024 வரை போர்ட் பிளேர் எனப்பட்ட ஊரின் காட்சிதான். நடுவே கிடக்கும் கடல் எவ்வளவு அகலம் என்பது படகேறிப் போனவர்களுக்குத் தெரியும். நோட்டைப் பார்த்துச் சொல்ல முடியாது. கோள்நிலை நெபுலாக்களை ஆராய்பவர்களிடம் இருப்பது இப்படியொரு தட்டைப் படம் மட்டுமே.

சூரியனைப் போன்ற விண்மீன் தன் முதுமையில் உதறிய வாயுவே கோள்நிலை நெபுலா. தூரம் தெரியாமல் அதன் அகலம் தெரியாது. தூரத்தைக் கண்டறிய அழகான வழி ஒன்று உண்டு. சில ஆண்டுகள் விட்டு எடுத்த இரு படங்களில் வாயு எத்தனை கோணம் விரிந்திருக்கிறது என்று அளப்பார்கள். நம்மை நோக்கி வரும் வாயுவின் வேகத்தை நிறமாலை சொல்லும். பக்கவாட்டிலும் அதே வேகம் என்று கொண்டால் தூரம் கைக்கு வந்துவிடும்.

அந்தக் 'கொண்டால்' என்ற சொல்லில்தான் சிக்கல். நெபுலா உருண்டையாக இருந்தால்தான் அது பொருந்தும். தூரம் வேண்டுமானால் வடிவம் தெரிந்திருக்க வேண்டும். வடிவம் வேண்டுமானால் தூரம். இன்னொரு பிழையும் உண்டு: படத்தில் நகர்வது அதிர்வலையின் விளிம்பு, நிறமாலை காட்டுவதோ வாயுவின் வேகம். விளிம்பு வாயுவை முந்தி ஓடும். பூனைக்கண் நெபுலாவுக்கு ஹப்பிள் படங்களைக் கொண்டு 1999-இல் சொன்ன தூரம் சுமார் 3,300 ஒளியாண்டு. பின்னர் கையா செயற்கைக்கோள் அளந்தபோது அது 4,000-ஐத் தாண்டியது.

ஆனாலும் இந்த முறையைக் கைவிட எனக்கு மனமில்லை. வண்ணத்துப்பூச்சி நெபுலாவின் (என்.ஜி.சி. 6302) மைய விண்மீன் தூசிக்குள் புதைந்திருக்கிறது, கையாவின் பார்வை அங்கே எட்டவில்லை. 1956, 2007 ஆண்டுப் படங்களை ஒப்பிட்டு, ஓர் இறக்கையின் 15 முடிச்சுகளைத் தொடர்ந்து சென்றே சுமார் 3,800 ஒளியாண்டு என்று கணித்தார்கள். உருண்டை என்ற அனுமானத்தை விட்டுவிட்டு, மையத்திலிருந்து தள்ளிப்போகப் போக வேகம் கூடுகிறது என்ற மாதிரியை வைத்தார்கள். அனுமானத்தை ஒளிக்காமல் முன்வைத்த நேர்மைக்காகவே அந்தக் கணக்கை நம்பலாம். தூரம் கையாவால் உறுதியான நெபுலாக்களிலோ இதே முறையைத் திருப்பிப் போட்டு வடிவத்தைக் கறக்கலாம். அதன் உண்மையான பலம் அங்கேதான்.

2015-இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட அஸ்ட்ரோசாட்டின் புறஊதாத் தொலைநோக்கி, அதே வண்ணத்துப்பூச்சி கண்ணுக்குத் தெரிவதைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு பெரிது என்று காட்டியது. இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தார் கண்ட அந்தப் புதிய இறக்கைகள் பழையவற்றின் திசையில் இல்லை. அந்த மூன்று மடங்கும் வானத்தில் தெரியும் நிழலின் நீளம்தான். அவை நம் பக்கம் சாய்ந்திருந்தால் உண்மை நீளம் இன்னும் கூடும்.