பொறுத்தலும் ஒப்புரவும்: ‘கடல்புரத்தில்’ நாவலையும் இராயபுரம் – எண்ணூர்க் கடற்கரையையும் முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

கத்தோலிக்கத் தமிழில் பாவமன்னிப்பைக் குறிக்க நெடுங்காலம் வழங்கிய சொல் ‘பொறுத்தல்’. துன்பத்தைத் தாங்குவதற்கும் அதே சொல் வழங்குகிறது. இவ்விரு பொருளும் ஒன்றோடொன்று கலக்கும் இடங்களையும் பிரியும் இடங்களையும் வண்ணநிலவனின் ‘கடல்புரத்தில்’ (1977) நாவலைக்கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது. தனிமனிதத் துரோகத்தை மன்னிக்கும் ஆற்றலை நாவல் பிலோமியிடம் காண்கிறது; வாழ்வாதார இழப்பின் முன் அவ்வாற்றல் செயலற்றுப்போவதையும் அதே நாவல் காட்டுகிறது. இவ்வேறுபாடு வடசென்னைக் கடற்கரையின் இன்றைய நெருக்கடியை வாசிப்பதற்கும் உதவும் என்பது கட்டுரையின் துணிபு.

திறவுச்சொற்கள்: பொறுத்தல், ஒப்புரவு, கடல்புரத்தில், வண்ணநிலவன், இராயப்பர், இராயபுரம், எண்ணூர்.

1. முன்னுரை

நெய்தல் நிலத்துக் கத்தோலிக்கரைப் பற்றிய தமிழ் நாவல்களுள் ‘கடல்புரத்தில்’ முன்னோடியானது. உ. நா. ராமச்சந்திரன் என்னும் இயற்பெயர் கொண்ட வண்ணநிலவன் பரதவர் சமூகத்தில் பிறந்தவர் அல்லர். ஆயினும் ‘எஸ்தர்’ சிறுகதை, ‘ரெயினீஸ் ஐயர் தெரு’ நாவல் ஆகியவற்றிலும் அவர் கிறித்தவக் குடும்பங்களையே மையமாகக் கொண்டார். ‘கடல்புரத்தில்’ பொதுவாக அன்பைப் பேசும் நாவல் என்றே பாராட்டப்படுகிறது. இப்பாராட்டில் தவறில்லை. ஆனால் ‘அன்பு’ என்று சொல்லிக் கடந்துவிடும்போது, யார் யாரை எதற்காக மன்னிக்கிறார், மன்னிக்க இயலாமற்போவது எது என்னும் வினாக்கள் மறைந்துவிடுகின்றன. அவ்வினாக்களை மீட்டெடுப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

2. சொல்லும் சடங்கும்

‘பரலோகத்தில் இருக்கிற எங்கள் பிதாவே’ என்னும் செபத்தின் பழைய கத்தோலிக்க வடிவில், இறைவன் மனிதனின் பாவத்தை மன்னிப்பதும் மனிதன் தனக்குத் தீங்கிழைத்தவனை மன்னிப்பதும் ‘பொறுத்தல்’ என்னும் ஒரே சொல்லால் சுட்டப்பட்டன. பின்னர் வந்த வடிவில் ‘மன்னித்தல்’ அவ்விடத்தைப் பெற்றது. சொல் மாறியபோது ஒரு பொருட்செறிவும் கைவிட்டுப்போயிற்று. பொறுத்தல் என்பது பாரத்தைச் சுமப்பது. திருக்குறளின் பொறையுடைமை அதிகாரம் நிலத்தின் உவமையோடு தொடங்குவது இப்பொருளில்தான். ஆகவே கடற்கரைக் கத்தோலிக்கர் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்த செபத்தில், மன்னிப்பவர் பிறருடைய குற்றத்தின் சுமையைத் தாமே ஏற்றுக்கொள்பவராகவும் இருந்தார்.

இச்சொல்லுக்கு ஓர் ஆபத்தும் உண்டு. வறுமையைப் பொறுத்துக்கொள், கணவனைப் பொறுத்துக்கொள், முதலாளியைப் பொறுத்துக்கொள் என்று கட்டளையிடும்போதும் இதே சொல்தான் பயன்படுகிறது. மன்னிப்பு என்னும் அறச்செயலும் வேறு வழியற்ற சகிப்பும் ஒரே சொல்லுக்குள் ஒதுங்கும்போது, வலியவர்க்கு அது வசதியாகிவிடுகிறது.

திருச்சபையின் சடங்கு இந்த ஆபத்துக்கு ஒரு தடை வைத்திருந்தது. பழைய ஞானோபதேச வழக்கில் பாவசங்கீர்த்தனம் என்பது குருவிடம் பாவத்தைச் சொல்வதோடு முடிவதன்று. பாவத்துக்காக மனம் வருந்தும் மனஸ்தாபம், பாவத்தை வெளிப்படையாகச் சொல்லும் சங்கீர்த்தனம், விதிக்கப்பட்ட அபராதத்தைத் தீர்த்தல் ஆகியவை பாவியின் கடமைகள். இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின் இச்சடங்குமுறை 1973இல் திருத்தப்பட்டது. இன்று தமிழில் அது ‘ஒப்புரவு அருட்சாதனம்’ எனப்படுகிறது. ‘ஒப்புரவறிதல்’ என்பது திருக்குறளில் ஊரோடு இசைந்து, தன் செல்வம் ஊருக்குப் பயன்பட வாழும் நெறியைக் கூறும் அதிகாரம். சமயச் சடங்குக்கு இச்சொல் பொருந்திவந்ததில் ஓர் ஆழ்ந்த நியாயம் இருக்கிறது: குற்றம் இழைத்தவன் மீண்டும் ஊரோடு ஒத்துப்போக வேண்டுமானால் அவன் தரப்பிலும் ஏதேனும் நிகழவேண்டும். பொறுத்தல் பாதிக்கப்பட்டவரின் செயல். ஒப்புரவு இருதரப்பின் செயல். இவ்விரண்டுக்கும் இடையிலான தொலைவே ‘கடல்புரத்தில்’ நாவலின் உண்மையான களம்.

3. பிலோமியின் பொறுத்தல்

மணப்பாட்டுக் கடற்கரையில் வாழும் குரூஸ் மிக்கேல், அவர் மனைவி மரியம்மை, மகள் பிலோமி ஆகியோரைச் சுற்றி நாவல் நகர்கிறது. வல்லத்தையும் வீட்டையும் விற்றுவிட்டுத் தன்னோடு வந்துவிடும்படி ஆசிரியரான மகன் செபஸ்தி தந்தையை வற்புறுத்துகிறான். பிலோமி சாமிதாஸை நேசிக்கிறாள். தன்னை அவனிடம் ஒப்படைக்கிறாள். அவனோ வேறொரு பெண்ணை மணக்கிறான். மரியம்மை இறந்துபோகிறாள். வல்லமும் வீடும் கைவிட்டுப்போகக் குரூஸ் மிக்கேலின் மனம் பேதலிக்கிறது.

நாவலில் கோவிலும் செபமும் அன்றாட வாழ்வின் பகுதியாக உள்ளன. எனினும் கதையின் திருப்பங்கள் எவையும் பாவசங்கீர்த்தனத் தொட்டியின் முன் நிகழவில்லை. அவை வீட்டுக்குள்ளும் கடற்கரை மணலிலும் பிலோமியின் மனத்திலும் நிகழ்கின்றன. சாமிதாஸ் தரப்பில் ஈடு என்று சொல்லத்தக்கது எதுவும் இல்லை. சடங்கின் கணக்கில் பார்த்தால் அவனுக்கு மன்னிப்புக் கிடைக்க வழியில்லை. பிலோமி அந்தக் கணக்கை வைத்துக்கொள்ள மறுத்துவிடுகிறாள். அவள் அவனைச் சபிக்கவில்லை. தன் துயரத்தைக் காட்டி அவன் வாழ்வைக் குலைக்கவும் முற்படவில்லை.

இங்கு ஒரு நியாயமான மறுப்பு எழும். ஏமாற்றப்பட்ட பெண் அமைதியாக ஒதுங்கிக்கொள்வதை அறமாகப் போற்றுவது ஆணாதிக்கத்துக்குத் துணைபோவது ஆகாதா? ஏமாற்றியவனுக்கு எந்த இழப்பும் இல்லை. அவளுக்கோ எல்லாம் இழப்பு. இம்மறுப்பை நாவலுக்கு வெளியே நின்று எளிதில் தள்ளிவிட முடியாது. நாவலுக்குள் நின்றே விடை காணவேண்டும்.

பொறுத்தல் சகிப்பாகத் தாழ்ந்துவிட்டதா என்று அறிய மூன்று அளவுகோல்களை முன்வைக்கலாம். இழைக்கப்பட்டது தீங்கு என்பதைப் பொறுப்பவர் அறிந்திருக்கிறாரா? பொறுக்காமலிருக்கவும் அவருக்கு வழி இருந்ததா? பொறுத்தபின் அவருடைய வாழ்வு விரிந்ததா, சுருங்கியதா?

முதலாவதற்கு விடை தெளிவானது. பிலோமி தனக்கு நேர்ந்ததைக் காதலின் விதி என்று பூசி மெழுகுவதில்லை. மூன்றாவதற்கும் நாவல் விடை தருகிறது. மரியம்மையோடு நட்புக் கொண்டிருந்த வாத்தியைப் பற்றி ஊர் வேறுவிதமாகப் பேசியிருந்தது. தாயின் மறைவுக்குப்பின் பிலோமி அந்த வாத்தியோடு தானும் நட்புக் கொள்கிறாள். இது கதையின் கிளைநிகழ்ச்சியாகத் தோன்றலாம்; உண்மையில் இதுவே அவள் பொறுத்தலின் சான்று. தாயை ஊரின் தீர்ப்பிலிருந்து விடுவித்து, அவளையும் தன்னைப்போல் அன்புக்கு ஏங்கிய ஒரு பெண்ணாகக் காண அவளால் முடிகிறது. சாமிதாஸை மன்னித்ததால் அவள் உலகம் குறுகவில்லை. பிறரைப் புரிந்துகொள்ளும் இடம் அவளுள் பெருகியிருக்கிறது.

இரண்டாம் அளவுகோலில்தான் நாவல் தயங்குகிறது. அவளுக்கு வேறு வழி இருந்ததா? ஊர்க்கூட்டத்தில் முறையிடவோ, பங்குக்குருவிடம் நீதி கேட்கவோ அவள் முயன்றிருந்தால் என்ன நிகழ்ந்திருக்கும் என்பதை நாவல் சோதித்துப் பார்க்கவில்லை. பிலோமியின் மனவிரிவை நம்பும் ஆசிரியர், அவள் ஊரின் நீதியை நம்பினாளா என்று கேட்க விரும்பவில்லை. நாவலின் கனிவும் அதன் குறையும் ஒரே இடத்திலிருந்து பிறக்கின்றன.

4. லாஞ்சியும் வல்லமும்: பொறுக்க இயலாதது

நாவலின் மற்றொரு இழை வல்லக்காரர்க்கும் லாஞ்சிக்காரர்க்கும் இடையிலான பகை. தமிழகக் கடற்கரைக்கு இயந்திரப் படகுகள் 1950களிலிருந்து பரவின. இறால் ஏற்றுமதி பெருகியபோது, கரையோரக் கடலிலேயே இழுவலைகள் ஓடத் தொடங்கின. பாய்மரத்தை நம்பியவர்களின் வலைகள் அறுந்தன, மீன்வரத்தும் குறைந்தது. இந்த வரலாற்றின் நடுவிலேதான் நாவல் எழுதப்பட்டது. நாவலுக்குள் அப்பகை கொலைவரை செல்கிறது.

ஒரே ஊர், ஒரே கோவில், ஒரே செபம். ஆயினும் பிலோமியிடம் செயல்பட்ட பொறுத்தல் இங்கே ஏன் செயல்படவில்லை? ஆண்களின் முரட்டுத்தனம் என்று விடைகூறிவிடலாம், அது போதாது. சாமிதாஸின் துரோகம் நிகழ்ந்து முடிந்த ஒன்று. அதை நினைவாக ஏற்றுச் சுமக்கமுடியும். லாஞ்சி ஒவ்வொரு விடியலிலும் கடலுக்குப் போகிறது. தீங்கு ஒவ்வொரு நாளும் புதிதாக நிகழ்கிறது. முடியாத தீங்கை மன்னிப்பது என்பது அதற்கு இசைவு தருவதாகிவிடும். இதனால்தான் குரூஸ் மிக்கேலுக்குப் பொறுத்தல் கைகூடவில்லை. வல்லம் அவருக்குப் பிழைப்புக் கருவி மட்டுமன்று. கடலோடும் முன்னோரோடும் அவரைப் பிணைத்த உறவு. அதை இழந்தபின் அவர் யாரை மன்னிப்பது? மகனையா, லாஞ்சி முதலாளியையா, காலத்தையா? மன்னிக்க ஆள் தெரியாத இழப்பு மனப்பேதலிப்பில் முடிகிறது. பிலோமியின் கதையையும் அவள் தந்தையின் கதையையும் ஒரே வீட்டுக்குள் வைத்ததன் வாயிலாக, பொறுத்தலின் ஆற்றலையும் அதன் எல்லையையும் ஆசிரியர் ஒருசேரக் காட்டிவிடுகிறார்.

இந்த எல்லையைச் சட்டம் பிற்பாடு தன் மொழியில் ஒப்புக்கொண்டது. 1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடிப்பு ஒழுங்குமுறைச் சட்டம், கரையிலிருந்து மூன்று கடல்மைல் தொலைவுக்குள் இயந்திரப் படகுகள் மீன்பிடிப்பதைத் தடுக்க வழிசெய்தது. ஒருவருக்கொருவர் பொறுத்துப்போங்கள் என்னும் அறிவுரை தீர்க்காததை எல்லைக்கோடு ஒன்று தீர்க்க முயன்றது. ஒப்புரவுக்கு நல்லெண்ணம் மட்டும் போதாது. தீங்கு நிற்கவும் வேண்டும்.

5. இராயப்பரின் கடற்கரை

தென்கோடிக் கடற்கரையில் நிகழும் நாவலை வடசென்னையோடு சேர்த்து வாசிப்பதற்குக் காரணம் உண்டு. அக்கடற்கரையின் ஓர் ஊர்ப்பெயரே மன்னிக்கப்பட்ட ஒரு மீனவரின் பெயர். இராயப்பர் என்பது பேதுருவுக்குப் பழங்கத்தோலிக்கத் தமிழ் இட்ட பெயர். இராயபுரம் அவர் பெயரால் அமைந்தது. அங்குள்ள புனித இராயப்பர் ஆலயத்தை 1829இல் எழுப்பியவர்கள் கத்தோலிக்கப் படகோட்டிகள். சென்னைக்குத் துறைமுகம் இல்லாத காலத்தில், நடுக்கடலில் நின்ற கப்பல்களிலிருந்து ஆட்களையும் சரக்கையும் அலைகளைக் கடந்து கரைசேர்த்தவை ஆணியின்றிக் கயிற்றால் தைக்கப்பட்ட மசூலாப் படகுகள். துறைமுகக் கட்டுமானம் 1870களில் தொடங்கியது; 1881 புயலில் சிதைந்து மீண்டும் எழுந்தது. துறைமுகம் நிலைபெற நிலைபெற அப்படகோட்டிகளின் தொழில் தேய்ந்து மறைந்தது. குரூஸ் மிக்கேலின் கதைக்கு முன்னோடியான கதை அது.

யோவான் நற்செய்தி இராயப்பரின் மன்னிப்பைச் சொல்லும் முறை நம் விவாதத்துக்கு மிக நெருக்கமானது. கரிநெருப்பருகே நின்று மும்முறை ஆண்டவரை மறுதலித்தவர், பின்னர் மீன்பிடித்துவிட்டுக் கரையேறும்போது மற்றொரு கரிநெருப்பைக் காண்கிறார். அதன்மேல் மீன் வெந்துகொண்டிருக்கிறது. ‘உன்னை மன்னித்தேன்’ என்னும் சொல் அக்காட்சியில் இல்லை. உணவு இருக்கிறது. பின்பு மூன்று கேள்விகள் இருக்கின்றன. மூன்றாவது கேள்வி இராயப்பரை வருத்துகிறது. ஒவ்வொரு விடைக்குப் பின்னும் பொறுப்பு ஒப்படைக்கப்படுகிறது. பிலோமியின் பொறுத்தலும் சொல்லால் அறிவிக்கப்படாதது. அவ்வகையில் அது இக்காட்சிக்கு உறவானது. ஆனால் நற்செய்தியில் மறுதலித்தவர் கேள்விக்கு விடையளிக்கவேண்டியிருக்கிறது. சாமிதாஸிடம் அந்தக் கேள்வி கேட்கப்படவே இல்லை.

6. எண்ணூர்: கேள்வி கேட்கப்படாத இடம்

இராயபுரத்துக்கு வடக்கே திருவொற்றியூரையும் எண்ணூரையும் ஒட்டிய மீனவர் குப்பங்களில் கத்தோலிக்கர் சிறுபான்மையினர். இந்துப் பட்டினவரே பெரும்பான்மையினர். இழப்பு சமயம் பார்த்து வருவதில்லை. 2017 சனவரியில் காமராசர் துறைமுகத்துக்கு அருகே இரு கப்பல்கள் மோதி எண்ணெய் கடலில் கலந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல்வெள்ளத்தோடு மணலித் தொழிற்பகுதியிலிருந்து வந்த எண்ணெய் எண்ணூர்க் கழிமுகத்தில் படர்ந்தது. படகுகளும் வலைகளும் கறுத்தன. மீனவர்களே பக்கெட்டுகளால் எண்ணெயை அள்ளினர். அதே மாதத்தின் இறுதியில் பெரியகுப்பத்தருகே உரத் தொழிற்சாலையின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, நள்ளிரவில் மக்கள் வீடுகளை விட்டு ஓடினர்.

எண்ணெய்க் கசிவால் பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கு 12,500 ரூபாய் நிவாரணம் அறிவிக்கப்பட்டது. பொறுப்பு யாருடையது என்பது தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் முன் வழக்காயிற்று. பழைய ஞானோபதேசத்தின் கண்கொண்டு நோக்கினால் இங்குள்ள ஒழுங்கின்மை புலப்படும். அபராதத்தின் ஒரு பகுதி செலுத்தப்படுகிறது, சங்கீர்த்தனம் நிகழவில்லை. தவறிழைத்தது ஒரு நிறுவனமாகவோ பல நிறுவனங்களின் கூட்டாகவோ இருக்கும்போது, ‘நான் செய்தேன்’ என்று சொல்லும் வாய் எதுவும் இல்லை. குரூஸ் மிக்கேலின் கேள்வி மீண்டும் எழுகிறது: யாரை மன்னிப்பது? கழிமுகத்தில் தீங்கு தொடரும்வரை, அக்குப்பத்து மக்களின் பொறுமையை மன்னிப்பு என்று எவரும் பொருள்கொண்டுவிடக் கூடாது. அவர்கள் சுமக்கிறார்கள், மன்னிக்கும்படி அவர்களை இன்னும் யாரும் கேட்கவில்லை.

7. முடிவுரை

‘கடல்புரத்தில்’ நாவலை அன்பின் நாவல் என்று மட்டும் வாசித்தால் பிலோமி நினைவில் நிற்பாள். குரூஸ் மிக்கேல் மங்கிவிடுவார். இருவரையும் சேர்த்து வாசிக்கும்போது, பொறுத்தல் என்னும் சொல்லின் இரு பொருளும் தனித்தனியே தெரிகின்றன. முடிந்துபோன துரோகத்தைச் சுமந்து கடக்கும் விடுதலை ஒன்று. முடியாத தீங்கின் கீழ் நொறுங்கும் சகிப்பு மற்றொன்று. முதலாவதற்கு ஓர் எளிய பெண்ணின் மனவிரிவு போதுமானதாயிற்று. இரண்டாவதற்கு உண்மை சொல்லப்படவேண்டும், தீங்கு நிறுத்தப்படவேண்டும், ஈடு செய்யப்படவேண்டும். அதன் பெயரே ஒப்புரவு. நெய்தல் இலக்கிய ஆய்வுகள் சமய நம்பிக்கையை இதுவரை பெரிதும் பண்பாட்டு அடையாளமாகவே கண்டுள்ளன. அந்நம்பிக்கை தன் சொற்களாலேயே நீதியைக் கேட்கவல்லது என்னும் கோணத்தில், பிற கடற்கரை நாவல்களும் மறுவாசிப்புக்கு உரியன.