இளைஞர் கையில் கதை: ஓர் அமானிதம்

மூலக்கொத்தளத்தில் எங்கள் தெருவைச் சேர்ந்த பள்ளி மாணவன் ஒருவன் விடுமுறைக் காலங்களில் என்னிடம் வருவது வழக்கம். பழைய காகிதக் கடையில் எடைக்குப் போடப்பட்டுக் கிடக்கும் மாத நாவல்களைப் பொறுக்கியெடுத்துப் படிப்பான். முடித்ததும் என் மேசைமீது வைத்துவிட்டுப் போவான். அண்மையில் ஒரு கட்டைக் கொண்டுவந்து வைத்தவன், போகாமல் நின்றான். "தாத்தா, கதையிலே வர்ற பாய் எல்லாருமே கடத்தல்தான் செய்வாங்களா? நம்ம ஏரியா வந்தாலே ஏன் பொணம் கிடக்குது?" என்று கேட்டான்.

அவன் கோபத்தோடு கேட்கவில்லை. கணக்கில் ஒரு படி விளங்காத மாணவன் ஆசிரியரிடம் கேட்பதுபோலக் கேட்டான். அதுவே என்னை மிகவும் வருத்திற்று. அன்று நான் சொன்ன விடை அவனுக்கும் போதவில்லை, எனக்கும் போதவில்லை. இக்கட்டுரை அந்தக் கேள்விக்கு நான் பட்டிருக்கும் கடன்.

பதின்ம வயதினர் படிக்கும் கதைகளைப்பற்றி இரண்டு குற்றச்சாட்டுகள் இன்று உலகெங்கும் எழுகின்றன. ஓர் இனத்தையோ, ஊரையோ, சமயத்தையோ இழிவாகக் காட்டுகின்றன என்பது ஒன்று. வன்கொடுமை, தற்கொலை போன்றவற்றைச் சித்திரித்து இளநெஞ்சைப் புண்படுத்துகின்றன என்பது மற்றொன்று. இரண்டையும் தனித்தனியே பேசுவோர் பலர். ஆராய்ந்து பார்த்தால் இரண்டுக்கும் வேர் ஒன்றே என்பது என் துணிபு.

ஒரே முகம்

ஒரு கதையில் ஒரு முஸ்லிம் கடத்தல்காரராக வருவது குற்றமாகாது. எல்லாச் சமுதாயத்திலும் தீயோர் உண்டு, நம்மிலும் உண்டு. தையற்காரராக, ஆசிரியராக, துறைமுகத்தில் பளு தூக்குபவராக, தேர்வில் தோற்ற மாணவராக வேறொரு முஸ்லிம் அக்கதைகளில் தலைகாட்டாமற்போவதே குற்றம். மூலக்கொத்தளத்தின் கதையும் அதுவே. கொத்தளம் என்பது கோட்டை மதிலின் காவல் மேடை. அப்பெயர் தாங்கிய இவ்வூரில் கதாசிரியரின் கண்ணுக்குப் படுவது சுடுகாடு ஒன்றுதான். காலையில் ஆலைக்கும் துறைமுகத்துக்கும் போகிறவர்களும், குழாயடியில் குடத்தோடு நிற்கிறவர்களும், தெருவிளக்கின்கீழ்ப் படிக்கிற பிள்ளைகளும் அவர் கண்ணுக்குப் படுவதில்லை.

படக்கதைகளின் நிலையும் இதற்கு மாறானதன்று. 1936இல் அமெரிக்கரான லீ ஃபாக் படைத்த முகமூடி வீரர் தமிழிலும் வந்து, சிறுவர் நெஞ்சில் குடிகொண்டார். காட்டில் ஒரு வெள்ளையர் தலைமுறை தலைமுறையாக அரியணையில் அமர்ந்து நீதி வழங்க, கறுத்த மக்கள் அவரைச் சூழ்ந்து வியந்து நிற்பார்கள். கறுத்த மேனியுடைய தமிழ்ச் சிறுவன் வெள்ளையரின் பக்கம் நின்றே அக்கதையைப் படித்தான். 1967இல் அனந்த் பை தொடங்கிய அமர் சித்திரக் கதைகளில் அசுரர்கள் கறுப்பாகவும் தேவர்கள் வெளுப்பாகவும் தீட்டப்பட்டதையும், முஸ்லிம் மன்னர்கள் பெரும்பாலும் படையெடுத்து வந்தவர்களாகவே காட்டப்பட்டதையும் ஆய்வாளர்கள் விரிவாக எழுதியுள்ளனர். அவ்வரிசையிலேயே சாந்த் பீபியின் வீரத்தைச் சொல்லும் நூலும் உண்டு என்பதை நடுநிலையோடு சொல்லியாக வேண்டும்.

வரலாற்று நாவல்களில் 1311ஆம் ஆண்டு மாலிக் காபூரின் படையெடுப்பாக மட்டுமே நிற்கிறது. அதே ஆண்டில் வீரபாண்டியனின் படையிலும் முஸ்லிம் வீரர்கள் பணியாற்றினார்கள் என்று தில்லிப் படையின் புகழ்பாடிய அமீர் குஸ்ரோவே எழுதி வைத்திருக்கிறார். பாண்டியனின் சோற்றை உண்ட அந்த முஸ்லிம் வீரனைத் தமிழ் நாவலில் காண்பது அரிதினும் அரிது.

அமெரிக்கப் பேராசிரியை ரூடின் சிம்ஸ் பிஷப் 1990இல் ஓர் உவமை சொன்னார். பிள்ளைகளுக்குப் புத்தகம் சாளரமாகவும் வேண்டும், கண்ணாடியாகவும் வேண்டும் என்பது அதன் கருத்து. எங்கள் தெருப் பையனுக்குக் கிடைத்த கண்ணாடி கோணலானது. அடையாற்றிலோ அண்ணா நகரிலோ இருந்து அதே நாவலைப் படிக்கும் பையனுக்கு அது சாளரம். அச்சாளரத்தின் வழியே அவன் காணும் எங்கள் தெருவும் கோணலானதே. நாளை இவ்விருவரும் ஒரே அலுவலகத்தில் வேலை தேடிப்போய் நிற்பார்கள் என்பதை நாம் மறத்தலாகாது.

நிகழ்ச்சியும் தீர்ப்பும்

இனி இரண்டாம் குற்றச்சாட்டுக்கு வருவோம். துன்பமான செய்திகளை இளைஞர் கண்ணில் படாமல் மறைத்துவிட்டால் போதும் என்று எண்ணுவோர் நம்மில் மிகுதி. அவர்கள் ஜெயகாந்தனின் இரு படைப்புகளை அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும்.

1966இல் ஆனந்த விகடனில் அவருடைய 'அக்கினிப் பிரவேசம்' வெளிவந்தது. மழை நாளில் பேருந்துக்குக் காத்திருந்த கல்லூரி மாணவி ஒருத்தி ஒருவனுடைய காரில் ஏறிச் சீரழிக்கப்படுகிறாள். வீடு திரும்பியவளின் தாய் முதலில் பதறி அடிக்கிறாள். பிறகு மகளை உட்கார வைத்துத் தலையில் தண்ணீரை ஊற்றி, நீ தூயவளே என்று தேற்றுகிறாள். தமிழ்நாடே இரண்டுபட்டு அக்கதையை வாதிட்டது. பின்னர் ஆசிரியர் தம்மையே ஒரு கேள்வி கேட்டுக்கொண்டார்: அந்தத் தாய் அவ்வாறு தேற்றாதிருந்தால்? அதன் விடையே 1972ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது பெற்ற 'சில நேரங்களில் சில மனிதர்கள்'. அங்கே செய்தி வெளியே பரவுகிறது. வீடு அவளைக் கைவிடுகிறது. ஒரு முழு வாழ்வு கருகிப்போகிறது.

இரண்டிலும் நிகழ்ச்சி ஒன்றே. மழையும் காரும் அவளுடைய அறியாமையும் ஒன்றே. மாறியது அவள்மீது மற்றவர் வழங்கிய தீர்ப்பு. இளம் வாசகரின் நெஞ்சில் தங்குவதும் அதுவே. கெடுக்கப்பட்டவள் கிணற்றில் விழுவதையே கண்ணியமான முடிவாகக் காட்டிய கதைகளையும் திரைப்படங்களையும் நம் மக்கள் எண்ணற்ற முறை கண்டிருக்கிறார்கள். அவை நிகழ்ச்சியை ஒரு திரைக்குப் பின்னால் நாகரிகமாக மறைத்தே காட்டின. ஆயினும் அவை பதினைந்து வயதுப் பெண்ணின் காதில் ஓதிய தீர்ப்பு, விரித்துரைக்கும் எந்தக் காட்சியையும்விடக் கொடியது.

திருக்குர்ஆன் அழகிய வரலாறு என்று சிறப்பிப்பது யூசுப் நபியின் வரலாற்றை. நம் வீடுகளில் கிஸ்ஸாவாகப் பாடப்பட்டு, சிறுவரும் பெண்டிரும் கூடியிருந்து கேட்ட கதை அது. அதில் என்னதான் இல்லை? அண்ணன்மார் தம்பியைப் பாழுங்கிணற்றில் தள்ளுகிறார்கள். சிறுவன் அடிமையாக விற்கப்படுகிறான். வீட்டுத் தலைவி இளைஞனைப் பாவத்துக்கு அழைத்து, அவன் இணங்காதபோது பழி சுமத்துகிறாள். இக்காலத்து அட்டையில் எச்சரிக்கை அச்சிட வேண்டிய செய்திகள் அத்தனையும் அதில் உண்டு. ஆயினும் சட்டை பின்புறம் கிழிந்திருப்பதைக் கண்டு, பழி யாருடையது என்று அங்கே முடிவு செய்யப்படுகிறது. துன்புற்றவனைக் கதை ஓர் இடத்திலும் கைவிடவில்லை. அதனால்தான் அதை ஏழு வயதிலும் கேட்க முடிகிறது, எழுபதிலும் கேட்க முடிகிறது.

மறைத்தலும் எச்சரித்தலும்

மறைத்தல் காப்பாற்றாது என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. மகளிர் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007இல் வெளியிட்ட ஆய்வில், கேட்கப்பட்ட குழந்தைகளில் 53.22 விழுக்காட்டினர் ஏதோ ஒருவகைப் பாலியல் கொடுமைக்கு ஆளானதாகக் கூறினர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் அதை யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. சொல்லத் தெரியாத பிள்ளைக்குச் சொல்லைக் கொடுப்பது கதையின் வேலை. யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்' அதைச் செய்தது. பேசும் மரப்பாச்சிப் பொம்மையின் வாயிலாக, சில ரகசியங்களைக் காக்கக் கூடாது, நம்பிக்கைக்குரிய பெரியவரிடம் சொல்லிவிட வேண்டும் என்று அது பிள்ளைகளுக்கு உணர்த்துகிறது. 2020ஆம் ஆண்டுக்கான பால சாகித்திய புரஸ்கார் அந்நூலுக்குக் கிடைத்தது பொருத்தமே.

அதற்காக எதையும் எப்படியும் எழுதலாம் என்பதும் பொருந்தாது. கெதே 1774இல் எழுதிய 'வெர்தர்' நாவலைப் படித்த இளைஞர் சிலர் அதன் தலைவனைப்போலவே உயிரைப் போக்கிக்கொண்டதாகப் பேச்சு எழுந்தது. செய்தித்தாள்கள் தற்கொலையைப் பெரிதுபடுத்தும்போது அதைப் பின்பற்றுவோர் பெருகுவதைக் கண்ட டேவிட் ஃபிலிப்ஸ் என்னும் அறிஞர், 1974இல் அதற்கு வெர்தர் விளைவு என்றே பெயரிட்டார். ஜே ஆஷர் 2007இல் வெளியிட்ட இளைஞர் நாவல் ஒன்றில், உயிரை மாய்த்துக்கொண்ட மாணவி தன் சாவுக்கான பதின்மூன்று காரணங்களை ஒலிநாடாவில் விட்டுச் செல்கிறாள். 2017இல் அது தொலைக்காட்சித் தொடராக வந்தபோது மருத்துவர்கள் கடுமையாக எதிர்த்தனர். 2019இல் தற்கொலைக் காட்சி நீக்கப்பட்டது. காட்சியை நீக்கியது நன்றே. எனினும் நான் கருதும் பிழை அக்கதையின் அடித்தளத்திலேயே உள்ளது. உயிரோடிருந்தபோது கேட்கப்படாத பெண், இறந்தபின் அனைவராலும் கேட்கப்படுகிறாள். செத்தால்தான் உன் சொல் அம்பலம் ஏறும் என்பதே அக்கதை வழங்கும் தீர்ப்பு. தேர்வுத் தோல்விக்குப் பிள்ளைகளைப் பறிகொடுக்கும் நம் நாட்டில் அத்தீர்ப்பு நஞ்சாகும்.

அட்டையில் எச்சரிக்கை வாசகம் பொறித்தால் போதாதா என்று கேட்கலாம். அத்தகைய வாசகங்களைப்பற்றிய பல ஆய்வுகளை ஒருங்கே வைத்துப் பார்த்த தொகுப்பாய்வு ஒன்று 2023இல் வெளிவந்தது. அவ்வாசகங்கள் படிப்போரின் நோவைக் குறைக்கவில்லை. படிக்குமுன் பதற்றத்தையே சற்றுக் கூட்டின என்பது அதன் முடிவு. வாசகம் ஒருபுறம் இருக்கட்டும். பிள்ளை படித்து முடித்தபின் அருகே யார் இருக்கிறார்கள் என்பதே எனக்குப் பெரிய கேள்வியாகப் படுகிறது.

நம் பங்கு

தடை கோருவதிலும் நமக்கு ஒரு பாடம் உண்டு. 2012இல், பன்னிரண்டாம் வகுப்பு அரசியல் பாடநூலில் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தைக் குறித்த ஆர்.கே. லட்சுமணின் கேலிச்சித்திரம் இருப்பது தெரிய வந்தது. போராடிய மாணவனை ஆங்கிலமும் அறியாதவனாக அது எள்ளியது. தமிழகக் கட்சிகள் ஒருமித்துக் கண்டித்தன. அறிஞர் குழு அதை நீக்கப் பரிந்துரைத்தது. கண்டனம் நியாயமானதே. 1938இன் போராட்டத்தில் சிறை சென்று 1939இல் உயிர்நீத்த நடராசன், தாளமுத்து ஆகிய இரு இளைஞர்களும் அடக்கமாகியிருப்பது எங்கள் மூலக்கொத்தளத்து மண்ணில்தான். ஆனால் ஒரு படத்தை நீக்குவதால் ஒரு கதை பிறந்துவிடாது. பொய்ச் சித்திரம் போன இடத்தில் மெய்ச் சித்திரத்தை வரைய யாரேனும் முன்வர வேண்டும்.

இவ்விடத்தில் நம்மையும் நாம் நிறுத்துப் பார்க்க வேண்டும். 1885இலேயே கண்டி வழக்கறிஞர் சித்தி லெப்பை 'அஸன்பே சரித்திரம்' எழுதினார். தமிழின் தொடக்ககால நாவல்களுள் ஒன்றான அதன் தலைவன், குழந்தையாயிருந்தபோதே கடத்தப்பட்டு, பல ஊர் கண்டு, தன் அறிவாலும் நேர்மையாலும் உயரும் ஓர் இளைஞன். 1938இல் நாகூர் சித்தி ஜுனைதா பேகத்தின் 'காதலா? கடமையா?' வெளிவந்து, உ.வே. சாமிநாதையரின் பாராட்டைப் பெற்றது. இத்தகைய முன்னோரைப் பெற்ற நாம், பிறர் நம்மைத் தவறாக எழுதும்போது வீதிக்கு வருகிறோம். நம் பிள்ளைகளுக்காக எழுத மேசைக்கு வருவதில்லை. எழுதுகிற கதைகளிலும் நல்ல பெண் என்பவள் வாய் பேசாதவள். கல்லூரி சென்றவள் வழுக்கி விழுபவள். பிறசமயத்து அண்டை வீட்டார் கதையில் இருப்பதே இல்லை. ஒரே முகத்தைக் காட்டும் குற்றத்தைப் பிறர்மீது சுமத்தும் நாம், நம் பெண்மக்களுக்கு அதே குற்றத்தைச் செய்கிறோம்.

ஒருவர் நம்பி ஒப்படைத்த பொருளை அமானிதம் என்கிறோம். ஒரு பிள்ளை கதைப் புத்தகத்தைத் திறக்கும்போது தன் நெஞ்சைக் கதாசிரியரிடம் அவ்வாறே ஒப்படைக்கிறது. எதை எழுதலாகாது என்ற பட்டியல் எழுத்தாளப் பெருமக்களுக்குத் தேவையில்லை. எழுதி முடித்த கதையை அச்சுக்குக் கொடுக்குமுன், இதில் இகழப்பட்ட தெருவில் வாழும் பிள்ளை இதைப் படித்தால் என்ன நினைக்கும், இதில் வரும் துன்பத்தை மெய்யாகவே பட்ட பிள்ளை கடைசிப் பக்கத்தில் தன்னைப்பற்றி என்ன முடிவுக்கு வரும் என்று இரண்டு கேள்விகளைத் தம்மிடமே கேட்டுக்கொண்டால் போதும். பெற்றோர் பிள்ளையின் கையிலுள்ள புத்தகத்தைப் பிடுங்குவதற்கு முன் தாமும் ஒருமுறை படித்துவிட்டுப் பேச வேண்டும்.

சென்ற வாரம் அந்தப் பையனை நடராசன், தாளமுத்து நினைவிடத்துக்கு அழைத்துச் சென்றேன். அவ்விருவரும் இளைஞர்கள் என்பது அவனுக்கு வியப்பாயிருந்தது. கல்லில் பொறித்திருந்ததை எழுத்துக் கூட்டிப் படிப்பவன்போல மெல்லப் படித்தான். திரும்பும் வழியில், "இவங்களப்பத்தி கதைப் புத்தகம் இருந்தா தாங்க தாத்தா" என்றான். வீட்டுக்கு வந்து அலமாரியைத் திறந்தேன். வரலாற்று நூல்கள் இருந்தன. மேடைப் பேச்சுகளின் தொகுப்புகள் இருந்தன. பதினான்கு வயதுப் பையன் ஒரே மூச்சில் படித்து முடித்து, மறுநாள் தோழனுக்குக் கொடுக்கும்படியான கதை ஒன்றும் என்னிடம் இல்லை. அவன் சற்று நேரம் காத்திருந்துவிட்டு, மேசைமேல் கிடந்த பழைய மாத நாவல் ஒன்றை எடுத்துக்கொண்டு போனான்.