பாயோடு ஒட்டிய கதைகள்

பாடசாலையில் ஒற்றுமை விழா என்றால் மேடையில் என்ன நடக்கும் என்று மட்டக்களப்பில் யாரும் நிகழ்ச்சி நிரலைப் பார்க்காமலே சொல்லிவிடலாம். திருநீறு பூசிய ஒரு பிள்ளை, தொப்பி போட்ட ஒரு பிள்ளை, கழுத்தில் சிலுவை தொங்கும் ஒரு பிள்ளை, வெள்ளுடுப்பும் கையில் தாமரையுமாக இன்னொரு பிள்ளை. நால்வரும் வந்து தத்தம் மதம் அன்பைப் போதிக்கிறது என்று ஆளுக்கொரு வசனம் சொல்வார்கள், கை கோப்பார்கள், பாட்டு வரும், பிரதம அதிதி கைதட்டுவார். தமிழ்ப் பாடசாலை மேடையில் தொப்பி போட்டு நிற்பது அநேகமாகத் தமிழ்ப் பிள்ளை. முஸ்லிம் பாடசாலை மேடையில் வேட்டி கட்டி நிற்பது முஸ்லிம் பிள்ளை. வேடம் போட ஆள் உண்டு. வேடமில்லாமல் வந்து நிற்க அந்தப் பாடசாலையில் ஆள் இல்லை.

பிள்ளைகளின் மனதில் பிற சமூகத்தாரைப் பற்றிப் படியும் தப்பெண்ணங்களைப் பாடசாலை எப்படிக் கையாள்கிறது என்று பார்க்க இதைவிட நல்ல இடம் கிடையாது. 2012ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் மட்டக்களப்பு மாவட்டத்தில் ஏறத்தாழ ஐந்தேகால் இலட்சம் பேர். அவர்களில் முக்கால்வாசிக்குச் சற்றுக் குறைவானோர் தமிழர், கால்வாசிப் பேர் முஸ்லிம்கள். நாட்டின் மற்றப் பகுதிகளில் சிங்களப் பிள்ளையும் தமிழ்ப் பிள்ளையும் ஏன் வேறு வேறு பாடசாலையில் படிக்கிறார்கள் என்று கேட்டால் மொழிமூலத்தைக் காட்டுவார்கள். இங்கே அந்தச் சாட்டும் இல்லை. முஸ்லிம் ஊரான காத்தான்குடியிலும் அதை அடுத்துள்ள தமிழ் ஊரான ஆரையம்பதியிலும் வீட்டு மொழி தமிழ், பாடப்புத்தகம் ஒன்று, பரீட்சைத் தாள் ஒன்று. ஆனால் பாடசாலை வேறு. கல்வி வலயமும் வேறு: ஒன்றுக்கொன்று தொடாமல் கிடக்கும் காத்தான்குடி, ஏறாவூர், ஓட்டமாவடிக் கோட்டங்களைச் சேர்த்து மட்டக்களப்பு மத்தி வலயம் ஆக்கியிருக்கிறார்கள். முஸ்லிம் பாடசாலைகளுக்கு நோன்பு விடுமுறை இருப்பதால் தவணை நாட்களும் பொருந்துவதில்லை. அடுத்தடுத்த ஊர்ப் பிள்ளைகள் ஒரே நாளில் பாடசாலைக்குப் போகாத வாரங்கள் ஆண்டுதோறும் உண்டு.

இந்தப் பிரிவினைக்கு நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். முஸ்லிம் பாடசாலைகள் தனியாக வளர்ந்ததால்தான் கிழக்கில் முஸ்லிம் பெண்பிள்ளைகளின் படிப்பு இந்த அளவுக்கு உயர்ந்தது. தனி வலயம் வந்ததால் வளங்களுக்காகப் பிறர் வாசலில் நிற்க வேண்டிய நிலை குறைந்தது. ஆனால் எந்த ஏற்பாட்டுக்கும் ஒரு விலை உண்டு. இந்த விலையைப் பிள்ளைகள் கொடுக்கிறார்கள்.

அரசு ஒன்றும் செய்யவில்லை என்பதும் உண்மையில்லை. 2008இல், போர் உச்சத்தில் இருந்தபோதே, கல்வி அமைச்சு சமூக ஒருங்கிணைப்புக்கும் சமாதானத்துக்குமான கல்வி பற்றித் தேசியக் கொள்கை ஒன்றை வெளியிட்டது. பாடவிதானம், ஆசிரியர் பயிற்சி, இரண்டாம் தேசிய மொழி, பாடசாலைகளுக்கிடையிலான கூட்டுச் செயற்பாடு எல்லாம் அதில் இடம்பெற்றன. குடியுரிமைக் கல்விப் பாடத்தில் பன்மைப் பண்பாட்டுச் சமூகம், முரண்பாட்டைத் தீர்த்தல் என்றெல்லாம் அலகுகள் வந்தன. எனினும் சாதாரண தரத்தில் சமயமும் வரலாறும் கட்டாயப் பாடங்கள், குடியுரிமைக் கல்வி விரும்பினால் எடுக்கும் பாடம். தன் சமயத்தைப் பற்றிப் படிக்காமல் ஒரு பிள்ளை பத்தாம் பதினோராம் தரங்களைத் தாண்ட முடியாது. அயலவனைப் பற்றிப் படிக்காமல் தாராளமாகத் தாண்டலாம்.

இத்தகைய கல்வி பலன் தராது என்று எள்ளி நகையாடுவோருக்கு இலங்கையிலேயே ஒரு பதில் இருக்கிறது. தீபக் மல்ஹோத்ராவும் சுமணசிறி லியனகேயும் 2005இல் வெளியிட்ட ஆய்வு, சிங்கள, தமிழ், முஸ்லிம் இளையோர் கலந்துகொண்ட நான்கு நாள் சமாதானப் பட்டறை ஒன்றை எடுத்துக்கொண்டது. ஓராண்டு கழித்துப் பார்த்தபோது, பட்டறைக்குப் போனவர்கள் போகாதவர்களைவிட மற்ற இனத்தவர்மீது கூடுதல் பரிவு காட்டினார்கள். வாய்ப்பேச்சோடும் நிற்கவில்லை, மற்ற இனத்து ஏழைப் பிள்ளைகளுக்கென்று கேட்டபோது கூடுதல் பணமும் கொடுத்தார்கள். அதுவும் போர் நடந்த நாட்டில், நான்கே நாட்களில். இது சிறிய விடயமா?

மட்டக்களப்பு இதற்கு முன்பே இன்னும் துணிச்சலான ஒன்றைச் செய்து பார்த்திருக்கிறது. 1996இல் இயேசு சபைத் துறவி போல் சற்குணநாயகமும் கனடாக் கலைஞர் போல் ஹோகனும் சேர்ந்து நகரில் வண்ணத்துப்பூச்சிப் பூங்காவைத் தொடங்கினார்கள். ஆறு முதல் பதினாறு வயதுப் பிள்ளைகள், தமிழரும் முஸ்லிம்களுமாக, ஊர் ஊராகப் பேருந்தில் ஏற்றி வரப்பட்டார்கள். வாரத்தில் ஒரு நாள் என்று ஒன்பது மாதம். அங்கே யாரும் ஒற்றுமை பற்றிப் பாடம் நடத்தவில்லை. களிமண் பிசைந்தார்கள், படம் வரைந்தார்கள், கதை கட்டினார்கள், கட்டிய கதையை நாடகமாக்கினார்கள். வழிநடத்திய இளைஞர்களும் யுவதிகளும் இரு சமூகங்களையும் சேர்ந்தவர்கள், தாங்களும் போரில் அடிபட்டவர்கள். இரண்டு கூட்டத்தார் சும்மா சந்தித்தால் மட்டும் வெறுப்புக் குறையாது, சம நிலையில் நின்று ஒரு பொது வேலையில் கைகோக்க வேண்டும், பொறுப்பிலுள்ளவர்கள் அதை ஆதரிக்க வேண்டும் என்று கோர்டன் ஆல்போர்ட் 1954இல் எழுதினார். பூங்காவில் அந்த நிபந்தனைகள் எல்லாம் இருந்தன. முக்கியமாக, பிள்ளை அங்கே தன் சமயத்தின் பிரதிநிதியாக நிற்க வேண்டியிருக்கவில்லை. பானை வனையத் தெரிந்த பிள்ளை, பயந்த பிள்ளை, குழப்படிப் பிள்ளை என்றே அறியப்பட்டது.

அதன் குறையும் கண்முன்னே தெரிந்தது. ஒரு தொகுதியில் சில பத்துப் பிள்ளைகள்தான். பின்னேரம் பேருந்து அவர்களைத் திரும்பவும் பிரிந்த ஊர்களில் இறக்கியது, மறுநாள் பிரிந்த பாடசாலைக்குப் போனார்கள். பூங்கா கற்றுத் தந்ததைத் தொடர்ந்து வளர்க்கும் கடமை பாடசாலைக்கு இருந்தது. பாடசாலை எடுத்துக்கொண்டதோ மேடையையும் வேடத்தையும்.

மேடையால் என்ன கெட்டுவிட்டது என்று கேட்கலாம். அமெரிக்க உளவியலாளர் ரெபெக்கா பிக்லர் 1990களில் கோடைகால வகுப்புகளில் ஒரு சோதனை செய்தார். சிறு பிள்ளைகளில் சிலருக்கு நீலச் சட்டை, சிலருக்கு மஞ்சள் சட்டை. சில வகுப்புகளில் ஆசிரியர்கள் சட்டை நிறத்தைக் கண்டுகொள்ளவே இல்லை. வேறு சிலவற்றில் நீலம் ஒரு வரிசை, மஞ்சள் ஒரு வரிசை என்று நிறத்தை வைத்தே காரியம் நடத்தினார்கள். எந்த நிறமும் உயர்ந்ததென்று யாரும் சொல்லவில்லை. ஆனாலும் நிறத்தை வைத்து நடத்திய வகுப்புகளில் பிள்ளைகள் தங்கள் நிறத்தாரே நல்லவர்கள் என்று எண்ணத் தொடங்கினார்கள். நம் மேடை இந்தச் சட்டைச் சோதனையைத்தான் வண்ணம் தீட்டி நடத்துகிறது. ஏழு வயதுப் பிள்ளைக்கு அது சொல்வது இவ்வளவுதான்: உலகில் நாலு வகை மனிதர், ஒவ்வொரு வகைக்கும் ஓர் உடுப்பு. அன்பு பற்றிய வசனம் மறந்துபோகும், உடுப்பு ஞாபகத்தில் நிற்கும்.

பெரிய வகுப்புகளில் நோய் நேர்மாறானது. அங்கே எதையும் சொல்லாமல் விடுகிறார்கள். கேட்டால் வயதுக்கு ஒவ்வாது என்கிறார்கள். 1990 ஓகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கு மேற்பட்டோரைப் புலிகள் சுட்டுக் கொன்றார்கள். அடுத்த வாரம் ஏறாவூர். செப்டெம்பர் 9ஆம் திகதி சத்துருக்கொண்டானில் தமிழர்கள் படையினரால் படுகொலை செய்யப்பட்டார்கள், குழந்தைகளும் தப்பவில்லை. காத்தான்குடிப் பிள்ளைக்குப் பள்ளிவாசல் சுவரின் குண்டுத் துளைகள் தெரியும், சத்துருக்கொண்டான் தெரியாது. நகரத்துத் தமிழ்ப் பிள்ளைக்கு சத்துருக்கொண்டான் தெரியும், துளைகள் தெரியாது. பிறகு 2019 உயிர்த்த ஞாயிறு, மட்டக்களப்புச் சீயோன் தேவாலயக் குண்டுவெடிப்பு, அதில் அகப்பட்ட, ஞாயிறு வகுப்பு முடித்து வந்த பிள்ளைகள். பாடப்புத்தகம் வாய் திறக்காத இடத்தை வீட்டுத் திண்ணை நிரப்புகிறது. முஸ்லிம்களைப் பழிக்கும் ‘தொப்பி பிரட்டி’ என்ற வசையைத் தமிழ்ப் பிள்ளை எந்தப் பாடசாலையிலும் படித்ததில்லை, ஆனால் அதற்குத் தெரியும். ‘காபிர்’ என்பதை ஏளனமாகச் சொல்லும் தொனியும் அப்படியே மறுபக்கத்தில்.

ஆசிரியர்களின் பயத்தையும் புரிந்துகொள்ள வேண்டும். 2018இல் திருகோணமலையில் ஒரு மகளிர் கல்லூரியில் முஸ்லிம் ஆசிரியைகள் அபாயா அணிந்து வந்தது வீதிப் போராட்டமாகி, இடமாற்றமாகி, மனித உரிமைகள் ஆணைக்குழு வரை போனது. உடுப்புக்கே இந்தப் பாடு என்றால், படுகொலை பற்றி வகுப்பில் பேசும் ஆசிரியரை யார் காப்பாற்றுவார்? அதற்காக அதிர்ச்சி வைத்தியமும் வேண்டாம். 1968இல் ஐயோவா மாநிலத்தில் ஜேன் எலியட் என்ற ஆசிரியை மூன்றாம் வகுப்பை நீலக்கண்ணர், பழுப்புக்கண்ணர் என்று பிரித்து ஒரு சாராரைத் தாழ்த்தி நடத்திக் காட்டியது உலகப் புகழ் பெற்றது. ஆனால் பிள்ளைகளை அழவைத்துப் பாடம் புகட்டலாமா என்ற கேள்வி இன்றுவரை தீரவில்லை. இழப்புகள் ஆறாத வீடுகளிலிருந்து வரும் நம் பிள்ளைகளிடம் அதைச் செய்யவே கூடாது.

நடுவில் ஒரு வழி இருக்கிறது, அது நமக்கு மிகப் பக்கத்திலேயே இருக்கிறது. மட்டக்களப்புக்குப் போனால் மந்திரம் போட்டுப் பாயோடு ஒட்ட வைத்துவிடுவார்கள் என்று யாழ்ப்பாணத்தில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவருகிறார்கள். தரம் 5 பிள்ளையிடம் இதைக் கேட்டுப் பாருங்கள்: உன் அம்மாவுக்கு அந்த மந்திரம் தெரியுமா? யாரையாவது ஒட்டவைத்துப் பார்த்திருக்கிறாயா? பிறகு ஏன் சொல்கிறார்கள்? பிள்ளை சிரிக்கும், கொஞ்சம் கோபப்படும், யோசிக்கும். தன்னைப் பற்றிச் சொல்லப்படும் பொய்யைப் பிரித்துப் பார்க்கப் பழகிய பிள்ளையிடம், நீ மற்றவர்களைப் பற்றிக் கேட்ட கதைகள் எவை என்று அடுத்த தவணை கேட்கலாம். இந்தப் பாடத்துக்குத் தமிழ், முஸ்லிம் என்ற பேதமும் இல்லை. பாய்க்கதை மட்டக்களப்பார் எல்லோர் மீதும்தான் சொல்லப்படுகிறது.

எட்டாம் ஒன்பதாம் தரத்துக்கு வதந்தியைப் பாடமாக்கலாம். 2018 பெப்ரவரியில் அம்பாறையில் முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில் உணவுக்குள் கருத்தடை மாத்திரை கலக்கிறார்கள் என்று பரப்பிக் கடைகளையும் பள்ளிவாசலையும் தாக்கினார்கள். மாத்திரை என்று சொல்லப்பட்டது வெறும் மாவுக் கட்டி என்று அரச இரசாயனப் பகுப்பாய்வு காட்டியது. விஞ்ஞான ஆசிரியரே நடத்தக்கூடிய பாடம் இது.

மதம் மட்டும் என்ற வேலியையும் தாண்ட வேண்டும். கிராமப்புறப் படுவான்கரையிலிருந்து பட்டணத்துப் பாடசாலைக்கு வரும் பிள்ளையின் பேச்சைக் கேட்டுச் சிரிப்பவர்கள் அதே சமயத்தவர்கள்தான். சாதிப் பெயரை ஒற்றுமை விழாவில் யாரும் எடுப்பதில்லை. கோயில் திருவிழாவில் எடுப்பார்கள். தமிழறிஞர் விபுலானந்தரின் ‘யாழ்நூல்’ 1947இல் வெளிவந்தது என்று பிள்ளைகள் ஒப்புவிப்பார்கள். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த காலத்தில் அவர் திருவேட்களத்துச் சேரிக்குப் போய்ப் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னார் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

தமிழரும் முஸ்லிம்களும் பிட்டும் தேங்காய்ப்பூவும் என்பது இங்கே மேடைக்கு மேடை சொல்லும் வசனம். கேட்டுக் கேட்டு அது மரத்துப்போய்விட்டது. அதற்குப் பதிலாக ஒரு பத்தாம் தர மாணவிக்குத் தாய்வழிக் குடி முறையைக் காட்டலாம். குடி தாய் வழியாக வருவதும், மகளுக்கு வீடு கொடுத்துக் கட்டி வைப்பதும் இரு சமூகத்துக்கும் பொது. சொந்தக் குடும்பத்தில் விசாரித்து எழுதி வரச் சொல்லலாம். இந்த ஒப்படை, பத்து விழாக்கள் தராததைத் தரும்.

வட அயர்லாந்திலும் ஒரே மொழி பேசுவோர் சமயத்தால் பிரிந்த பாடசாலைகளில் படிக்கிறார்கள். அங்கே போல் கொனொலி 2002இல் வெளியிட்ட ஆய்வில், மூன்று வயதுப் பிள்ளைகளே தங்கள் தரப்புக் கொடியையும் நிறத்தையும் விரும்பினார்கள். ஆறு வயதில் சிலர் மறுதரப்பை வெறுத்துப் பேசினார்கள். 1981இல் பெல்பாஸ்டில் 28 மாணவர்களோடு லகன் கல்லூரி என்ற முதல் கலப்புப் பாடசாலையைப் பெற்றோரே தொடங்கினார்கள். இன்றும் பத்தில் ஒரு பிள்ளைகூடக் கலப்புப் பாடசாலையில் படிப்பதில்லை. ஆகவே 2016இல் இன்னொரு வழிக்குச் சட்டம் செய்தார்கள்: பாடசாலைகள் தனித்தனியாகவே இருக்கட்டும், சில பாடங்களை மட்டும் இரு பாடசாலைப் பிள்ளைகளும் சேர்ந்து படிக்கட்டும்.

மட்டக்களப்புக்குப் பொருந்துவது இதுதான். பாடசாலைகளைக் கலைக்க யாரும் சம்மதிக்க மாட்டார்கள், கலைக்கவும் தேவையில்லை. காத்தான்குடியில் ஒன்று, ஆரையம்பதியில் ஒன்று. ஏறாவூரில் ஒன்று, செங்கலடியில் ஒன்று. வாரத்தில் ஒரு நாள் விஞ்ஞான கூடமோ விளையாட்டு மைதானமோ பொது. வேடம் வேண்டாம், பிரதம அதிதி வேண்டாம். இரு ஊர் ஆசிரியர்களையும் சேர்த்துப் பயிற்றுவிக்கத் தாழங்குடாவில் தேசிய கல்வியியற் கல்லூரி இருக்கிறது. கொழும்பின் சுற்றுநிருபத்துக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. 2008 கொள்கையே போதிய அனுமதி. மட்டக்களப்பு வலயமும் மட்டக்களப்பு மத்தி வலயமும் அடுத்த ஆண்டின் தவணை நாட்காட்டியை ஒரே மேசையில் வைத்து, இரண்டுக்கும் பொதுவான பாடசாலை நாட்களை முதலில் குறித்துக்கொள்ளட்டும்.