ஊர்விலக்கும் விளக்கவுரிமையும்: தமிழ், கன்னட இஸ்லாமியப் படைப்புகளை முன்வைத்து

இஸ்லாமியச் சமூகத்தினுள் நிகழும் பிரிவுப் பூசல்களைப் பற்றிப் பேசும் திறனாய்வாளர் பலரும் ஓர் எளிய இருமையைக் கையாள்கின்றனர். தர்கா வழிபாடும் சூஃபி மரபும் சகிப்புத்தன்மையின் அடையாளம்; அவற்றை ஷிர்க் என்றும் பித்அத் என்றும் மறுக்கும் தூய்மைவாதமே தீவிரவாதத்தின் தோற்றுவாய் என்பது அவ்விருமை. இவ்வளவுகோல் படைப்புகளையும் படைப்பாளர்களின் வாழ்வையும் எந்த அளவிற்கு விளக்க வல்லது என்பதை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

பிரிவினரை விலக்குதல் புதிய நிகழ்வன்று. ஜான்பூர் சையத் முகம்மதுவை (1443-1505) மஹ்தியாக ஏற்ற மஹ்தவிகள் திப்பு சுல்தானின் படையில் பணியாற்றினர். ரமலான் மாதத்து இருபத்தேழாம் இரவு வழிபாடு தொடர்பாக ஸ்ரீரங்கப்பட்டணத்தில் எழுந்த பிணக்கினால் அவர்கள் நாட்டைவிட்டு வெளியேற்றப்பட்டனர். இங்கு விலக்கியது அரசு. இருபதாம் நூற்றாண்டின் இறுதியிலோ அப்பணியை ஊர் ஜமாத்துகள் மேற்கொள்வதைக் காண்கிறோம்.

தோப்பில் முஹம்மது மீரானின் ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’ (1988), மக்களின் அச்சத்தைப் பயன்படுத்திக்கொள்ளும் தங்ஙளையும், ஊரைத் தன் பிடியில் வைத்திருக்கும் வடக்குவீட்டு அகமதுக்கண்ணு முதலாளியையும் கடுமையாக விமர்சிக்கிறது. ஆங்கிலக் கல்வி ஹராம் எனக் கருதப்பட்ட சூழலும் அதில் பதிவாகியுள்ளது. அந்நாவல் பரவலாக வரவேற்கப்பட்டது. ஆசிரியரின் ‘சாய்வு நாற்காலி’ 1997ஆம் ஆண்டு சாகித்திய அகாதெமி விருதினைப் பெற்றது. போலிச் சமயவாதியையும் நிலவுடைமை ஆதிக்கத்தையும் சாடுவதில் தூய்மைவாதிக்கும் மரபுவாதிக்கும் மறுப்பு இருக்க இயலாது. மேலும் நாவலின் களம் கடந்துபோன ஒரு காலம். எனவே அவ்விமர்சனம் எப்பிரிவினரையும் நேரடியாகக் கலக்கமுறச் செய்யவில்லை எனலாம்.

ஹெச்.ஜி. ரசூலின் நிலை வேறு. ‘மைலாஞ்சி’ (2000) தொகுப்பில், இறைத்தூதர் வரிசையில் பெண் ஏன் இடம்பெறவில்லை என்னும் வினாவை அவர் எழுப்பினார். அது கடும் எதிர்ப்பைச் சந்தித்தது. 2007ஆம் ஆண்டு, வேறொரு கட்டுரையை முன்னிட்டு, தக்கலை ஜமாத் அவரை ஊர்விலக்கம் செய்தது. தக்கலை, சூஃபிப் புலவர் பீர்முகம்மது அப்பா அடங்கிய ஊர். அவருடைய ‘ஞானப்புகழ்ச்சி’ ஆண்டுதோறும் இரவு முழுவதும் ஓதப்படும் ஊர். மெய்ஞ்ஞானப் பாடலைப் போற்றும் ஊரே தன் கவிஞனை விலக்கியது என்பது மேற்குறித்த இருமையைத் தகர்க்கிறது. கொள்கையால் பிரிந்து நிற்போரும், கேள்வி சமயப் பனுவலின் மீதே எழும்போது ஒன்றுபடுகின்றனர். ஆதலின் தீவிரத்தன்மையை ஒரு பிரிவின் பெயரில் தேடுதல் பொருந்தாது. விளக்கம் கூறும் உரிமை யாருடையது என்னும் வினாவிலேயே தேடுதல் வேண்டும்.

இம்முடிவிற்குக் கன்னட எழுத்தாளர் பானு முஷ்தாக்கின் படைப்பு மேலும் வலுச்சேர்க்கிறது. கிரீஷ் காசரவள்ளியின் ‘ஹசீனா’ (2004) திரைப்படத்திற்கு அடிப்படையான ‘கரி நாகரகளு’ கதையில், பெண்மக்களைப் பெற்றதற்காகக் கணவனால் கைவிடப்பட்ட ஏழைப் பெண் பள்ளிவாசலில் நீதி கேட்கிறாள். அவளுக்குத் துணையாவது சமய மறுப்பன்று. மார்க்கம் பெண்ணுக்கு அளித்துள்ள உரிமைகளை எடுத்துரைக்கும் மற்றொரு பெண்ணின் அறிவு. முத்தவல்லியோ வழக்கைக் கேளாது காலம் கடத்துகிறார். மார்க்கத்தையும் அதனை விளக்கும் பதவியையும் பிரித்துக் காட்டுவதே இக்கதையின் வலிமை. ரசூல் பனுவலை நோக்கிக் கேட்டார்; பானு முஷ்தாக் பனுவலைக் கையிலேந்திப் பதவியை நோக்கிக் கேட்டார். எனினும் பெண்கள் பள்ளிவாசலில் தொழும் உரிமையை ஆதரித்துப் பேசியமைக்காக 2000ஆம் ஆண்டு அவரும் சமூகப் புறக்கணிப்பிற்கு உள்ளானார். கேட்ட முறைகள் வேறாயினும் கிடைத்த விடை ஒன்றே என்பது கருதத்தக்கது.

2025ஆம் ஆண்டு மே மாதம் ‘ஹார்ட் லாம்ப்’ தொகுப்பிற்காக அவரும் மொழிபெயர்ப்பாளர் தீபா பஸ்தியும் சர்வதேசப் புக்கர் பரிசு பெற்றனர். அதே ஆண்டு மைசூரு தசரா விழாவைத் தொடங்கிவைக்க அவர் அழைக்கப்பட்டபோது எதிர்ப்பு மறுதிசையிலிருந்து வந்தது. 2017இல் கவிஞர் கே.எஸ். நிசார் அகமது அதே விழாவைத் தொடங்கிவைத்திருந்தும், இம்முறை வழக்குகள் தொடுக்கப்பட்டன. கர்நாடக உயர்நீதிமன்றம் அவற்றைத் தள்ளுபடி செய்தது. செப்டம்பர் 22ஆம் நாள் சாமுண்டி மலையில் அவர் விழாவைத் தொடங்கிவைத்தார். உள்ளிருப்போர் ‘நம்மவள் அல்லள்’ எனவும், புறத்திருப்போர் ‘அவர்களுள் ஒருத்தி’ எனவும் ஒரே எழுத்தாளரை விலக்க முற்பட்டமை நோக்கத்தக்கது. இருசாராரும் சமூகம் என்பதை ஒற்றைக் குரலுடையதாகவே கற்பனை செய்கின்றனர்.

இந்நெருக்கடி திறனாய்விற்கும் உண்டு. சிறுபான்மையினர் அச்சுறுத்தலுக்கு உள்ளாகும் காலத்தில் உள்விமர்சனம் பகைவர்க்குப் படைக்கலமாகும் என்று கருதி வாளாவிருப்போர் ஒருபுறம். அவ்விமர்சனத்தையே ஒரு சமயத்தின் மீதான குற்றப்பத்திரிகையாகப் படிப்போர் மறுபுறம். முன்னவரின் அச்சம் காரணமற்றதன்று. ஆயினும் அதன் விலையைச் செலுத்துவோர் கதையில் வரும் கைவிடப்பட்ட பெண்களே. பின்னவரோ படைப்பில் உள்ள நீதிவேட்கையைக் காணாது, அதன் சினத்தை மட்டும் கடன் வாங்குகின்றனர்.

ஆகவே இப்படைப்புகளைச் சூஃபி, தூய்மைவாதம் என்னும் பிரிவுப் பெயர்களால் அளப்பதினும், விளக்கவுரிமையைச் சிலரிடமிருந்து மீட்டுப் பலர்க்கும் உரியதாக்கும் முயற்சிகளாகக் காண்பதே பொருத்தமுடையது. தமிழையும் கன்னடத்தையும் இந்நோக்கில் ஒருங்கே வைத்துப் பயில்வது ஒப்பிலக்கிய ஆய்விற்குப் புதிய களம் அமைக்கும்.