கடிகாரத்தின் விதியும் வரலாற்றின் விதியும்

அமெரிக்க உயர்நிலைப் பள்ளியில் கல்லூரித் தரத்திலான ஏ.பி. (அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட்) ஐரோப்பிய வரலாறு எடுக்கும் மாணவருக்கு முதல் வாரத்திலேயே ஒரு விதிமுறைத் தாள் கைக்கு வரும். பெற்றோரும் கையெழுத்திட்டுத் திருப்பித் தர வேண்டும். கோடை விடுமுறையில் படித்திருக்க வேண்டிய நூல், வாரம் ஓர் அத்தியாயம், அதன்மேல் ஒரு குறுந்தேர்வு, கையால் எழுதிய குறிப்பேடு, தாமதமாகத் தரும் கட்டுரைக்கு நாள் கணக்கில் மதிப்பெண் வெட்டு, பிறர் எழுத்தைத் திருடினால் சுழியம் என்று அது நீளும். பள்ளிக்குப் பள்ளி சில்லறை வேறுபாடுகள் இருந்தாலும் தாளின் சாயல் ஒன்றுதான். கண்டிப்பு கூடுதலா குறைவா என்ற கோணத்தில்தான் இதைப் பற்றிய வாதங்கள் பெரும்பாலும் நடக்கின்றன. எனக்கு அது இரண்டாம் கேள்வியாகவே படுகிறது. அந்த ஒரே தாளில் இரண்டு வெவ்வேறு எசமானர்களின் கட்டளைகள் கலந்து கிடக்கின்றன. ஒருவர் வரலாற்றுத் துறை, மற்றவர் மே மாதத் தேர்வின் கடிகாரம். முதலாமவர் சொன்னதை இறுக்கிப் பிடிக்கலாம். இரண்டாமவர் சொன்னதையும் அதே பயபக்தியோடு நடத்துவதில்தான் பிழை தொடங்குகிறது.

தேர்வை நடத்தும் காலேஜ் போர்டுக்குச் சேர வேண்டிய பாராட்டை முதலில் தந்துவிடலாம். 3 மணி 15 நிமிடம் நடக்கும் அந்தத் தேர்வில் 55 பலவுள் தெரிவு வினாக்களுக்கு 40 விழுக்காடுதான். மீதி முழுவதும் எழுத்து. அதில் கால் பங்கைத் தனியே எடுத்துக்கொள்வது ஆவணவழி வினா. ஏழு ஆவணங்களைக் கையில் கொடுத்து, அவற்றைக் கொண்டு ஒரு வாதத்தைக் கட்டச் சொல்கிறார்கள். 1973இல் அமெரிக்க வரலாற்றுத் தேர்வில் முதலில் புகுந்த இந்த முறை, பள்ளி வரலாற்றுக் கல்விக்கு அந்த நாடு தந்த நல்ல கொடைகளுள் ஒன்று. 1525ஆம் ஆண்டின் ஜெர்மானிய உழவர் கிளர்ச்சியை எடுத்துக்கொள்வோம். மெம்மிங்கனில் உழவர்கள் வகுத்த பன்னிரண்டு கோரிக்கைகள், கிறிஸ்து சிந்திய இரத்தம் எல்லோரையும் மீட்டது, ஆகவே நாங்கள் யாருக்கும் கொத்தடிமைகள் அல்லர் என்று வேதத்தைச் சாட்சிக்கு அழைக்கின்றன. அதே வேதத்தைக் கையில் வைத்திருந்த சமயச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூதர், முதலில் இரு தரப்புக்கும் அமைதி சொல்லி, சில வாரங்களிலேயே கிளர்ச்சிக்காரர்களை வெட்டி வீழ்த்தும்படி பிரபுக்களைத் தூண்டினார். இந்த இரண்டையும் அருகருகே வைத்துப் படிக்கும் பதினாறு வயதுப் பிள்ளைக்குச் சொன்னவர் யார், யாரிடம் சொன்னார், எந்த வாரத்தில் சொன்னார் என்ற கேள்விகள் தாமாகவே எழும். சான்றில்லாமல் கூற்று வைக்காதே, எடுத்த இடத்தைச் சொல், பிறர் எழுத்தை உன்னுடையதாக்காதே என்ற வகுப்பு விதிகள் இந்தக் கேள்விகளிலிருந்து பிறந்தவை. அவற்றில் ஓர் ஆசிரியர் ஈவிரக்கம் காட்டாமல் இருந்தால் அவர் பக்கம்தான் நியாயம்.

மற்ற எசமானரின் கதை வேறு. பாடம் 1450இல் தொடங்கி இன்றைய நாள்வரை ஓடுகிறது, ஒன்பது அலகுகளாக. மே மாதத்துக்குள் முடிக்க வேண்டுமென்றால் ஓர் அலகுக்கு மூன்று நான்கு வாரங்களுக்கு மேல் ஒதுக்க முடியாது. வாரம் ஓர் அத்தியாயம் என்ற விதி இந்தக் கணக்கின் பிள்ளை. இந்த வேகத்தில் 1789இன் பிரெஞ்சு மனித உரிமைப் பிரகடனம் ஒரு நாளில் கடந்துபோகிறது. அதற்கு மறுமொழியாகப் பெண்ணுரிமைப் பிரகடனம் எழுதி, 1793இல் கில்லட்டினுக்குப் போன ஒலிம்ப் தெ கூஜுக்கு ஒரு பத்தி கிடைத்தால் அதிகம். அந்த உரிமைகளை மெய்யாக்கத் துணிந்த கரீபியப் பிரெஞ்சுக் குடியேற்றமான செயின்ட் டொமிங்கு (இன்றைய ஹெய்ட்டி) அடிமைகளின் எழுச்சியோ, அது ஐரோப்பாவா இல்லையா என்ற குழப்பத்தோடு ஓரத்தில் நிற்கிறது. பாடத்தின் எல்லைக்கோடுகள் வானத்திலிருந்து விழுந்தவை அல்ல என்பதற்கும் சான்று உண்டு. 2018இல் உலக வரலாற்றுப் பாடத்தை 1450இலிருந்து தொடங்கப் போவதாகக் காலேஜ் போர்டு அறிவித்தது. ஆசிரியர்கள் கொதித்தெழுந்தபின் அதை 1200ஆக மாற்றிக்கொண்டது. எந்த நூற்றாண்டுக்கு இடம் தருவது என்பதே பேரத்துக்குரிய முடிவு என்னும்போது, அத்தியாயத்துக்கு ஒரு வாரம் என்பதை இயற்கை விதிபோல் பிள்ளைகள் முன் வைப்பது எப்படிப் பொருந்தும்?

மதிப்பீட்டு அளவுகோலிலும் இதே கோளாறு. ஆவணக் கட்டுரைக்கு ஏழு புள்ளிகள். மையக் கருத்துக்கு ஒன்று, பின்புலத்துக்கு ஒன்று என்று அவை பிரிகின்றன. வாதத்துக்கு ஆறு ஆவணங்களைப் பயன்படுத்தினால்தான் கிடைத்த புள்ளிகள், 2023 இலையுதிர் காலம் முதல் நான்குக்கே கிடைக்கின்றன. கணக்கு மாறியதால் வரலாறு எழுதும் கலை மாறிவிடவில்லை. ஆனால் ஆண்டு முழுவதும் இந்தப் புள்ளிகளைக் கொண்டே வீட்டுக் கட்டுரையையும் திருத்தும் வகுப்பில், மாணவர் முதல் பத்தியை ஒரு புள்ளிக்கும் அடுத்த வாக்கியத்தை இன்னொரு புள்ளிக்குமாக எழுதப் பழகுகிறார். வாதம் இருக்க வேண்டிய இடத்தில் ரசீது இருக்கிறது. ஆயிரக்கணக்கான விடைத்தாள்களைப் பல நூறு பேர் திருத்தும்போது ஒருவருக்கொருவர் ரசனை வேறுபடாமல் இருக்கப் பொது அளவுகோல் வேண்டாமா என்று கேட்பார்கள். கட்டாயம் வேண்டும். அது இல்லாவிட்டால் நடை அழகாக எழுதும் வசதியான வீட்டுப் பிள்ளைக்கே எல்லாம் போய்ச்சேரும். ஆனால் அது ஜூன் மாதத் திருத்தக் கூடத்தின் தேவை. முப்பது பேரையும் முகம் தெரிந்து வைத்திருக்கும் ஓர் ஆசிரியருக்கு அக்டோபரில் அந்தக் கட்டாயம் இல்லை.

தாமத வெட்டுதான் மிகவும் சிக்கலானது. லூதரின் நிலைமாற்றத்தைக் கூர்மையாக ஆராய்ந்த கட்டுரை இரண்டு நாள் தள்ளி வந்ததற்காக இருபது விழுக்காடு இழந்தால், ஏட்டில் விழும் எண் அந்தப் பிள்ளையின் அறிவைச் சொல்கிறதா, ஒழுங்கைச் சொல்கிறதா? இரண்டையும் சேர்த்துக் குழப்பிச் சொல்கிறது. கல்லூரி விண்ணப்பத்தோடு போவது இந்த வகுப்பு மதிப்பெண்தான். ஏ.பி. பாடத்துக்குப் பல பள்ளிகள் கூடுதல் எடையும் தருகின்றன. அங்கே குடியேறிய தமிழ்ப் பெற்றோர் இதன்மீது இத்தனை கண் வைத்திருப்பதும் அதனால்தான். மாலையில் கடையில் வேலை பார்க்கும் பிள்ளையையும், தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளையையும் இந்த வெட்டு முதலில் தாக்குகிறது. பொறுப்பைக் கற்றுக்கொடுக்க வேறு வழி ஏது என்ற மறுப்பை நான் எளிதாகத் தள்ளவில்லை. நூற்றுக்கு மேற்பட்ட கட்டுரைகளைத் திருத்தும் ஆசிரியருக்குக் கெடு இல்லையேல் வாழ்க்கையே இல்லை. கட்டுரை கையில் இல்லாமல் வகுப்பு விவாதமும் நடக்காது. கெடு இருக்கட்டும். அதைத் தவறவிட்டவர் ஆசிரியரின் விரிவான கருத்துரையை இழக்கட்டும், தாமதம் தனிக் குறிப்பாகப் பதிவாகட்டும். வரலாற்று மதிப்பெண்ணை மட்டும் தொட வேண்டாம்.

கையெழுத்துக் குறிப்பேட்டு விதி இந்தக் குழப்பத்தின் சின்ன மாதிரி. தேர்வைக் கையால்தான் எழுத வேண்டும், அதற்குப் பழக்கம் வேண்டும் என்பதே நெடுநாள் சொன்ன காரணம். 2025 மே முதல் தேர்வு கணினிக்குப் போய்விட்டது, காரணமும் போய்விட்டது. ஆனாலும் விதி நீடிக்கலாம் என்பேன். செயற்கை நுண்ணறிவு ஒரு நொடியில் சுருக்கம் தரும் காலத்தில், கையால் குறிப்பெடுப்பது ஆவணத்தின்முன் கொஞ்சநேரம் உட்கார வைக்கிறது. ஆனால் ஆசிரியர் அந்தக் காரணத்தைத் தாளில் எழுதிவிட வேண்டும். ஒவ்வொரு விதிக்குப் பக்கத்திலும் அது எந்த எசமானர் சொன்னது என்று ஒரு வரி இருந்தாலே பாதிக் கண்டிப்பு தானாக உதிர்ந்துவிடும்.

இத்தனை அவசரக்காரரான அந்தத் தேர்வும் ஆவணவழி வினாவுக்கான 60 நிமிடத்தில் முதல் 15 நிமிடத்தைப் படிப்பதற்கென்றே ஒதுக்கச் சொல்கிறது.