உழத்தியரும் ‘உழவர்’ என்னும் சொல்லும்: தமிழக வேளாண் மகளிர்க்கான அரசு முயற்சிகள் குறித்து ஒரு மதிப்பீடு

சங்கப் பாடல்களில் வயலில் களை பறிக்கும் கடைசியரையும், பள்ளு இலக்கியங்களில் நாற்று நடும் பெண்களையும் காண்கிறோம். உழவில் பெண்ணின் பங்கு தமிழ் மரபிற்குப் புதிதன்று. ஆயினும், இந்தியாவின் 2015-16ஆம் ஆண்டு வேளாண் கணக்கெடுப்பில், சாகுபடி நிலங்களை நடத்துவோராகக் கணக்கிடப்பட்டோருள் பெண்கள் ஏறத்தாழ 14 விழுக்காட்டினரே. உழைப்பிற்கும் உடைமைக்கும் இடையிலான இவ்விடைவெளியைக் குறைப்பதில் அரசின் முயற்சிகள் எவ்வளவு தூரம் பயனளித்துள்ளன என்பதே இங்கு எழும் வினா.

முதலாவது முயற்சி வாரிசுரிமை பற்றியது. பரம்பரைச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குரிய பங்கினைத் தமிழ்நாடு 1989ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வாயிலாகவே வழங்கியது. எனினும், அதற்கு முன்பே மணமானோர் அதில் விலக்கப்பட்டனர். 2005ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைத் திருத்தச் சட்டம் அவ்வேறுபாட்டினை நீக்கியது. உச்ச நீதிமன்றமும் 2020ஆம் ஆண்டுத் தீர்ப்பில், இவ்வுரிமை மகளுக்குப் பிறப்பால் வருவது என உறுதி செய்தது. ஆனால், நடைமுறையில் உடன்பிறந்தானுக்காக ‘விடுதலைப் பத்திரம்’ எழுதித் தரும் பெண்கள் பலர். சீர்வரிசையும் தாய்மாமன் முறையும் வாயிலாகத் தாய்வீட்டு உறவு நிலைக்க, அவர்கள் கொடுக்கும் விலை இதுவாகும். மேலும், நிலமற்ற கூலித் தொழிலாளியின் மகளுக்குப் பங்கிட நிலமே இல்லை என்பதையும் கருத வேண்டும்.

இரண்டாவதாக, ‘உழவர்’ என்பதன் வரையறை நோக்கத்தக்கது. 2007ஆம் ஆண்டுத் தேசிய உழவர் கொள்கை குத்தகையாளரையும் வேளாண் கூலித் தொழிலாளரையும் அச்சொல்லுக்குள் அடக்கிற்று. எம். எஸ். சுவாமிநாதன் மாநிலங்களவையில் கொணர்ந்த 2011ஆம் ஆண்டுப் பெண் உழவர் உரிமை மசோதா, நிலவுடைமை இல்லாத பெண்ணுக்கும் உழவர் சான்றிதழ் வழங்க வழி கூறியது. அது சட்டமாகாமலேயே 2013இல் காலாவதியாயிற்று. 2019இல் அறிவிக்கப்பட்ட, ஆண்டுக்கு 6,000 ரூபாய் வழங்கும் பிரதமர் கிசான் திட்டமோ, நிலவுடைமையையே தகுதியாகக் கொண்டது. கொள்கை விரித்த சொல்லைத் திட்டம் மீண்டும் சுருக்கிவிட்டது எனலாம். கணவன் பெயரில் பட்டா உள்ள நிலத்தில் நாள்தோறும் உழைப்பவளும், வாய்மொழிக் குத்தகையில் பயிரிடுபவளும் இதனால் பயனாளிகளாகப் பதிவு பெறுவதில்லை.

இவ்வகையில் தமிழ்நாடு அரசு 2023இல் தொடங்கிய ‘நன்னிலம்’ மகளிர் நில உடைமைத் திட்டம் வேறுபட்டு நிற்கிறது. நிலமற்ற ஆதிதிராவிட, பழங்குடி வேளாண் தொழிலாளர் மகளிர் தம் பெயரில் நிலம் வாங்குவதற்கு, விலையில் 50 விழுக்காட்டினை, 5 இலட்சம் ரூபாய் வரம்பிற்குட்பட்டு, அரசு மானியமாக வழங்குகிறது. கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன் 1981இல் தொடங்கிய ‘லாப்டி’ இயக்கம், கீழத்தஞ்சைப் பகுதியில் இவ்வழியை முன்னரே காட்டியிருந்தது. ஆயினும், எஞ்சிய பாதித் தொகை கூலிப் பெண்ணுக்குப் பெருஞ்சுமையாகும். நிலவுடைமையாளர் ஒடுக்கப்பட்டோர்க்கு விற்க மறுப்பின், மானியம் ஏட்டளவிலேயே நின்றுவிடும்.

ஆகவே, நிலம் வழங்கும் முயற்சியும் உழைப்பை அங்கீகரிக்கும் முயற்சியும் ஒருங்கே நடைபெறுதல் வேண்டும். பட்டாவில் மனைவியின் பெயரையும் இணைத்தல், கிராம சபையின் ஒப்புதலோடு பெண்களுக்கு உழவர் சான்றிதழ் வழங்குதல் ஆகிய இரண்டும் முதற்படிகளாக அமையத்தக்கவை. நிலத்தைப் பெறும்வரை பெண் உழவராகக் கருதப்படாள் எனின், சமத்துவத் திட்டங்கள் அவளுள் மிகச் சிலரையே சென்றடையும்.