பஸ்ராக் குயவரின் நீலம்

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் பழைய வீடுகளின் கண்ணாடி அலுமாரிகளில் இன்றும் மரியாதையோடு அடுக்கப்பட்டிருக்கும் நீலப்பூ எழுதிய வெள்ளைப் பீங்கான்களைக் காண்போர், அவ்வழகு முழுவதும் சீனத்துக்கே உரியதென்று எண்ணுவது இயல்பே. ஆயினும், வெண்மை சீனத்தினுடையதாக, அதன்மேல் நீலத்தை எழுதிப் பார்க்கும் ரசனை கி.பி. 9ஆம் நூற்றாண்டின் ஈராக்கியக் குயவரிடமே மலர்ந்தது என்பது கலா விமர்சகர் பலரின் துணிபு.

அப்பாசியக் கலீபாக்களின் காலத்தில், தாங் வமிசத்துச் சீனத்தின் வெள்ளைக் கலங்கள் கடல்வழியே பாரசீக வளைகுடாவை அடைந்தபோது, அவற்றைக் கண்டு மோகித்த பஸ்ரா நகரத்துக் குயவருக்கு வடசீனத்தின் வெண்களிமண்ணும் வாய்க்கவில்லை, அதனைச் சுட்டிறுக்கும் உக்கிரமான சூளையும் வாய்க்கவில்லை. தம்மிடமிருந்த மஞ்சள் சாயல் மண்ணையே, தாழ்ந்த அடிவளையமும் விரிந்த விளிம்புமாகச் சீனக் கிண்ணத்தின் வடிவில் வனைந்து, வெள்ளீயத்தின் பஸ்மம் கலந்து ஒளி புகாதபடி ஆக்கிய கண்ணாடிப் பூச்சினால் மண்ணின் நிறத்தை முற்றும் மறைத்தனர். வேஷந்தான், ஆனால் எத்துணை சாமர்த்தியமான வேஷம்!

அதனோடு நின்றிருந்தால் அவர்களைப் போலிசெய்வோர் என்று ஒதுக்கிவிடலாம். சீனர் வெறுமையாக விட்ட அவ்வெண்பரப்பில், கோபாற்று என்னும் உலோகத்தின் நீலத்தால் ஒரு மலர், ஓர் ஓலை, சிலவேளை கூஃபி லிபியில் ஓர் ஆசிமொழி அல்லது குயவனின் பெயர், இவ்வளவே எழுதினர். சூளையில் பூச்சு உருகுகையில் நீலமும் அதனுள் சற்றே இறங்கி, ஈரத்துணியில் பட்ட மைபோல் ஓரங்களிற் கசிந்து நிற்கும். பிற்காலத்துச் சீன ஏற்றுமதிப் பீங்கான்களில் கோடு நுட்பமானது, வெற்றிடம் அரிது. இங்கோ வெற்றிடமே கிண்ணத்தின் பிரதான அலங்காரம். என் மனம் இந்தக் கசிவின் பக்கமே சாய்கிறது.

கொடுத்தவர் யார், கொண்டவர் யார் என்று பிரிப்பதும் எளிதன்று. 1998இல் இந்தோனேசியாவின் பெலிதுங் தீவருகே கண்டெடுக்கப்பட்ட, ஆணியின்றிக் கயிற்றால் தைத்த மேற்காசியப் பாணிக் கப்பலொன்றில், ஏறத்தாழ 60,000 சீனக் கலங்களுக்கிடையே நீலம் எழுதிய தட்டுகள் மூன்று இருந்தன. அக்கலங்களுள் ஒரு கிண்ணத்தில் 826ஆம் ஆண்டு பொறிக்கப்பட்டுள்ளது. தட்டுகள் ஹெனான் மாகாணத்துச் சூளையில் வெந்தவை; அவற்றின் ஓலைச் சித்திரமோ மேற்காசிய ரசனைக்கு இசைந்தது. அவை இப்போது சிங்கப்பூரின் ஆசிய நாகரிக அருங்காட்சியகத்தில் உள்ளன.

கிழக்கிலிருந்தும் மேற்கிலிருந்தும் வந்த கப்பல்கள் சந்தித்த துறைகளுள் ஒன்று, மன்னாரை அடுத்த நம் மாந்தை. 1980களின் முற்பகுதியில் தொல்லியல் ஆய்வாளர் ஜோன் கார்ஸ்வெல் அங்கு நடத்திய அகழ்வில், சீனக் கலங்களின் ஓடுகளும் மேற்காசிய மெருகுக் கலங்களின் ஓடுகளும் ஒரே மண்ணிலிருந்து வெளிப்பட்டன. போர்ச்சூழல் அப்பணியை இடைநிறுத்தியது. சிவராத்திரிக்கு அந்த மாந்தையிலுள்ள திருக்கேதீச்சரம் செல்லும் கொழும்பு அன்பர்கள், பாலாவியில் நீராடித் தரிசனம் முடித்தபின், கோயிலைச் சூழ்ந்த பழைய மேட்டையும் சற்று நின்று பார்க்க வேண்டும். மழை அரித்த மண்ணில் மெருகுள்ள ஓடேதும் மின்னினால், ஞாபகார்த்தமாக எடுத்து வராமல் அது கிடந்த இடத்திலேயே விட்டுவிட வேண்டும்.